கேட்டலும் விசுவாசமும்: வியாகுலப் பிரசங்கத்தை முன்வைத்துச் சில குறிப்புகள்

யாழ்ப்பாணத்திலே கிறிஸ்தவ நற்செய்தி எவ்வாறு கேட்கப்பட்டது என்று வினவினால், நமது இலக்கிய வரலாற்று நூல்கள் தரும் விடை ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். 1816இல் அமெரிக்க மிஷனரிமார் வந்தனர். 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரி தோன்றியது. 1841இல் உதயதாரகை வெளிவந்தது. 1847ஆம் ஆண்டின் இறுதி நாளன்று ஆறுமுகநாவலர் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிலே தமது பிரசங்கத்தைத் தொடங்கினார். பின்னர் கண்டன நூல்களும் மறுப்பு நூல்களும் மாறி மாறி எழுந்தன. பரீட்சைக்கு இவ்வளவும் போதும். நானும் இவ்வாறே எழுதிப் புள்ளி பெற்றவன்.

ஆனால் இவ்விடையிலே கேட்டவர்கள் யாரும் இல்லை. பேசியவர்களும், எழுதியவர்களும், அவர்களுக்கு மறுமொழி சொன்னவர்களும் மட்டுமே இருக்கின்றனர். மரத்தடியிலும் ஓலைக் கொட்டகையிலும் குந்தியிருந்து கேட்டவர்களுக்கு என்ன நிகழ்ந்தது என்பதை அறிய நாம் மதம் மாறியோரின் தொகையைப் பார்க்கிறோம். தொகை சிறிதாயின் கேட்கவில்லை என்கிறோம், பெரிதாயின் கேட்டார்கள் என்கிறோம். இவ்வளவுகோல் எத்துணை நம்பத்தகாதது என்பதை ஒல்லாந்தர் காலம் காட்டியிருக்கிறது. 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், பள்ளிக்கூடங்களோடு சேர்ந்த கோவிற் பதிவேடுகளிலே குடாநாட்டு மக்களிற் பெரும்பாலோரைக் கிறிஸ்தவராக எழுதி வைத்தனர். பதிவின்றி விவாகமும் உரிமையும் உத்தியோகமும் இலகுவில் வாய்க்கவில்லை. 1795இல் ஆங்கிலேயர் வந்தபின் அப்பதிவேட்டுக் கிறிஸ்தவம் மழைக்குப்பின் மணலிலே நீர் போல மறைந்தது. அத்தனை பெயர்களும் ஒரு காலத்தில் 'கேட்டு விசுவசித்தோர்' என்றே எண்ணப்பட்டவை.

இக்கட்டுரை அத்தொகைகளை விடுத்து, கேட்கப்படுவதற்கென்றே எழுந்த ஒரு நூலை நோக்க முயல்கின்றது. யாக்கோமே கொன்சால்வெஸ் சுவாமிகள் பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியிலே இயற்றிய வியாகுலப் பிரசங்கமே அந்நூல். யான் பிறப்பாற் சைவன். அந்நூலை முதலிற் படித்தவனல்லன், கேட்டவன். நண்பர் ஒருவரோடு குருநகர்ப் பக்கத்திலே ஒரு தவக்கால வெள்ளிக்கிழமை மாலை சென்றிருந்தபோது, முதியவர் ஒருவர் அதனை இராகமிழுத்து வாசித்தார். வசனத்தைப் பாட முடியும் என்பதை அன்றுதான் கண்டேன். சொற்களிற் பாதி எனக்கு விளங்கவில்லை. எனக்கு முன்னாலிருந்த பெண்களுக்கு விளங்கியதா என்பதும் ஐயமே; ஆனால் அவர்கள் உரிய இடங்களிலே அழுதார்கள். அந்த 'உரிய இடங்கள்' எவ்வாறு தீர்மானமாயின என்னும் கேள்வியே இக்கட்டுரைக்குத் தூண்டுகோல்.

ஆசிரியரைப் பற்றிச் சில சொல்லவேண்டும். 1676இல் கோவாவைச் சேர்ந்த டிவார் தீவிலே பிறந்த கொன்சால்வெஸ், 1705இல் இலங்கைக்கு வந்து, 1742இல் நீர்கொழும்பை அடுத்த போலவத்தையிலே இறந்தார். அவருக்கு முன்னரே யோசேப் வாஸ் முனிவர் 1687இல் இரகசியமாக யாழ்ப்பாணத்தை அடைந்து சில்லாலையைத் தமது பணிக்கு நிலையமாக்கியிருந்தார். கத்தோலிக்க வழிபாட்டை ஒல்லாந்தர் தடைசெய்து, குருமாருக்குப் புகலிடம் அளிப்போரையும் கடுமையாகத் தண்டித்த காலம் அது. குருவானவர் ஓரூருக்கு ஆண்டில் ஒருமுறை வந்தாற் பெரிது. சில ஆண்டுகளில் வரவே மாட்டார். இடைப்பட்ட காலத்திலே மூப்பர்களும் அண்ணாவிமாரும் உபதேசிமாருமே சபையைக் காத்தனர். அவர்கள் கையிற் கொடுப்பதற்கு ஏதேனும் வேண்டியிருந்தது. தமிழிலும் சிங்களத்திலும் கொன்சால்வெஸ் எழுதிக் குவித்தமைக்கு இத்தேவையே முதற் காரணம். தேவ அருள்வேத புராணம், சுவிசேஷ விரித்துரை முதலிய அவருடைய பிற நூல்களும் இத்தேவையிலிருந்தே பிறந்தன. எனவே வியாகுலப் பிரசங்கம் என்பது பிரசங்கியார் இல்லாத இடத்துக்கு எழுதப்பட்ட பிரசங்கம். வாசிப்பவர் அதனை இயற்றியவரல்லர். தமது சொந்தக் கருத்தைச் சொல்பவருமல்லர். கேட்போருள் ஒருவரே எழுந்து நின்று ஏனையோருக்குக் குரல் கொடுக்கின்றார்.

இந்த ஏற்பாடு யாழ்ப்பாணத்துக்குப் புதியதன்று. சைவக் கோயில்களிலே கந்தபுராணம் ஆண்டுதோறும் படிக்கப்படுகின்றது. மார்கழியிலே திருவாதவூரடிகள் புராணம் படிக்கப்படுகின்றது. ஒருவர் செய்யுளை இசையோடு வாசிக்க, மற்றொருவர் பயன் சொல்வார். கேட்போருக்குக் கதை முன்னமே தெரியும். சூரபன்மன் மாமரமாக நிற்பான் என்பதை அறியாத சிறுவன் நமது ஊர்களில் இல்லை. அறிந்ததையே கேட்க வருகின்றனர். கேட்டு மீண்டும் அடுத்த ஆண்டும் வருகின்றனர். இவ்வகைக் கேட்டலின் பயன் செய்தி அறிதலன்று. பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை அவர்கள் கந்தபுராண கலாசாரம் என்று பெயரிட்டு உணர்த்தியதன் உட்பொருளும் இதுவே எனக் கருதலாம். ஓர் ஊர் ஒரு நூலைத் தலைமுறை தலைமுறையாகக் கேட்டுக் கேட்டு அந்நூலின் சாயலைப் பெறுகின்றது.

வியாகுலப் பிரசங்கம் இக்கேட்டலின் வழியே நற்செய்தியைச் செலுத்தியது. எடுத்துக்கொண்ட பொருள் இயேசுவின் பாடுகள். அதுவும் எல்லார்க்கும் தெரிந்த கதை. எனினும் செய்யுளில்லை. நீண்ட வசனங்கள் எச்சத்தின்மேல் எச்சமாக அடுக்கிச் சென்று முற்றுக்கு வரும்போது வாசிப்பவரின் மூச்சும் முடிகின்றது. அவ்விடத்திலே குரல் தாழ்கின்றது. நான் முன்னே குறிப்பிட்ட 'உரிய இடம்' பெரும்பாலும் இம்முற்றுக்களே என்பதை இரண்டாம் முறை கேட்டபோது உணர்ந்தேன். வடசொற் கலப்பு மிகுதி; தனித்தமிழ்ப் பற்றுடைய நண்பர்கள் முகஞ்சுளிப்பர். நானும் நூலை அச்சிலே பார்த்தபோது சுளித்தவனே. ஆனால் கண்ணுக்கு இடறிய அவ்வடசொற்களே காதிலே நீண்டு ஒலித்து அழுகைக்கு இடங்கொடுத்தன. பின்னர் வாசகர் கேட்போரை நேரே விளிக்கின்றார். பார், நினை, மனஸ்தாபப்படு என்னும் முறையில் அமையும் அவ்விளிகளிலே, கேட்பவர் பார்ப்பவராகவும், பார்ப்பவர் அந்நிகழ்ச்சியிலே நிற்பவராகவும் மாற்றப்படுகின்றார். இடையிடையே பெண்கள் ஒப்பாரியின் சாயலிலே புலம்பல் பாடுகின்றனர். செத்த வீட்டிலே அழத் தெரிந்த சமூகத்துக்கு, எங்கே எவ்வாறு விடையிறுப்பது என்பதைக் கற்பிக்க வேண்டியதில்லை. மன்னார்ப் பகுதியிலே உருவங்களைக் கொண்டு காட்டப்படும் உடக்குப் பாசும் இப்பிரசங்கத்தோடு இணைந்து வளர்ந்தது என்பதும், வடபுலத்துக் கத்தோலிக்க நாட்டுக்கூத்து மரபு இதனருகே நின்றது என்பதும் மனங்கொள்ளத்தக்கவை. அவற்றை விரிக்க இங்கு இடமில்லை.

மற்றுமொன்று. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1962 முதல் 1965 வரை கூடியதன் பின்னரே கத்தோலிக்கப் பூசை தாய்மொழிக்கு வந்தது. அதுவரை பூசை இலத்தீனிலே நிகழ்ந்தது. இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக, இலத்தீன் தெரியாத ஒரு மீனவக் குடும்பம் ஆலயத்தினுள்ளே தன் மொழியிலே நீண்டு கேட்டவற்றுள் இப்பிரசங்கம் முதன்மையானது. இதனை நினைக்காமல் அதன் மொழிநடையை மதிப்பிடுதல் பொருந்தாது. கொன்சால்வெசின் சமகாலத்தவரான வீரமாமுனிவர் (1680–1747) நமது பாடத்திட்டத்திலே சிறப்பிடம் பெறுகின்றார்; தேம்பாவணியைப் புலவர் கற்றனர், விதந்தனர். கொன்சால்வெசைக் கற்றோர் சிலர், கேட்டோர் பலர். இலக்கிய வரலாற்றாசிரியர் கற்றோர் பக்கமே நிற்பது வழக்கமாகையால் ஒருவர்க்கு அத்தியாயமும் மற்றவர்க்கு ஓரிரு வரியும் கிடைத்தன. ஈழத்து வசனநடையின் வரலாற்றை நாவலரோடு தொடங்கும் வழக்கமும் இவ்வாறே வந்தது. நாவலரின் வசனம் இலக்கணச் சுத்தத்தாலும் தெளிவாலும் உயர்ந்தது என்பதில் ஐயமில்லை. ஆயினும் அவர் பிறப்பதற்கு எண்பது ஆண்டுகளுக்கு முன்னரே மறைந்துவிட்ட ஒருவரின் வசனம் அவர் காலத்திலும் இத்தீவின் கரையோரங்களிலே ஒலித்துக்கொண்டிருந்தது.

இனி அமெரிக்க மிஷனுக்கு வருவோம். டானியேல் பூவர் முதலியோர் வந்த அமெரிக்கா, சமய எழுச்சிக் கூட்டங்கள் பெருகியிருந்த நாடு. ஒருவன் நற்செய்தியைக் கேட்கிறான். தன் பாவத்தை உணர்கிறான். ஒரு நாளிலே மனந்திரும்புகிறான். அதனைச் சபையார் முன் எடுத்துரைக்கிறான். இதுவே அவர்கள் அறிந்த கேட்டலும் விடையிறுத்தலும். கேட்பதற்கு விளங்க வேண்டும்; விளங்குவதற்குக் கல்வி வேண்டும். ஆகவே பள்ளிக்கூடம், அச்சியந்திரம், அகராதி, செமினரி. வட்டுக்கோட்டையிலே வானசாஸ்திரமும் கணிதமும் தமிழும் சமஸ்கிருதமும் கற்பிக்கப்பட்டமைக்குப் பின்னால் இந்நம்பிக்கை இருந்தது. அறிவு தெளிந்தால் விசுவாசம் தானே முளைக்கும் என்பது அவர்கள் எண்ணம். அறிவு தெளிந்தது. 1855இலே போஸ்டனிலுள்ள மிஷன் சங்கத்தின் செயலாளர் றூபஸ் அண்டர்சன் வந்து நோக்கியபோது, செமினரி ஆங்கிலத்தையும் உத்தியோகத்தையும் நாடுவோரின் கூடமாகிவிட்டது என்று கண்டு அதனை மூடச் செய்தார். விசுவாசம் எதிர்பார்த்த அளவில் விளையாமையால், ஆசியாவின் மிகச் சிறந்த கல்லூரிகளுள் ஒன்று முப்பத்திரண்டு ஆண்டுகளோடு முடிந்தது. (அதன் வழிவந்த யாழ்ப்பாணக் கல்லூரி 1872இல் எழுந்தது. 1974இல் நமது வளாகம் தொடங்கியபோது, இராமநாதன் சைவக் கல்விக்கென நிறுவிய பரமேசுவராக் கல்லூரியிலே கலைப் பிரிவும், வட்டுக்கோட்டையிலே யாழ்ப்பாணக் கல்லூரியின் பட்டதாரிப் பிரிவுக் கட்டடங்களிலே விஞ்ஞானப் பிரிவும் நடந்தன. நற்செய்திக்குக் கிடைத்த இரு வேறு விடைகளின் கூரையின் கீழே இப்பல்கலைக்கழகம் பிறந்தது என்று நண்பர்களிடம் சொல்வதுண்டு.)

இவ்விடத்தில் நாவலரை நோக்குதல் அவசியமாகின்றது. யாழ்ப்பாணத்திலே நற்செய்தியை மிக உன்னிப்பாகக் கேட்டவர் யாரென்று கேட்டால், அவர் பெயரையே சொல்வேன். வெசுலியன் மிஷனைச் சேர்ந்த பீற்றர் பேர்சிவல் பாதிரியாரோடு இருந்து, 1850இல் வெளிவந்த வேதாகம மொழிபெயர்ப்புக்காக ஆண்டுக்கணக்கிலே உழைத்தவர் அவர். ஒரு வாக்கியத்தை மொழிபெயர்ப்பவனைப் போல அதனை யாரும் கேட்பதில்லை. சொல்லைச் சொல்லாக நிறுத்துப் பார்த்தார். ஐயம் என்பது மொழியறிவால் அவருக்கு எழ வழியில்லை. அவர் விசுவசிக்கவில்லை. 1848இலே பணியை விட்டு விலகிச் சைவப் பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். 1854இல் வெளியிட்ட சைவதூஷண பரிகாரத்திலே, சைவக் கிரியைகளை இகழ்ந்தோருக்கு யூதரின் ஆலய வழிபாட்டைப் பழைய ஏற்பாட்டிலிருந்தே எடுத்துக்காட்டி விடையளித்தார். இதனைப் பகைமை என்று மட்டும் கொள்ளுதல் நாவலரைச் சிறுமைப்படுத்துவதாகும். மிஷனரிமார் எதனைக் கோரினரோ, அதாவது விளங்கிக் கேள் என்று கோரினரோ, அதனை முழுமையாகச் செய்தவரின் விடை அது. நன்றாக விளங்கிக் கேட்டவர் மறுத்தமையால் கேட்டல் பழுதுற்றது என்று சொல்ல முடியுமா? கிறிஸ்தவ ஆசிரியர்கள் இதனை நேர்மையோடு எதிர்கொண்டதாக எனக்குத் தெரியவில்லை. சைவ ஆசிரியர்கள் இதனை வெற்றியாகக் கொண்டாடியதோடு நின்றுவிட்டனர்.

தமிழிலே கேள்வி என்னும் சொல் கேட்டறிதலையும் வினாவையும் ஒருங்கே குறிக்கின்றது. திருக்குறளின் கேள்வி அதிகாரம் முதற்பொருளைப் பற்றியது. பவுல் அப்போஸ்தலர் உரோமருக்கு எழுதிய நிருபத்திலே விசுவாசம் கேட்பதினாலே வருகிறது என்னும் கருத்தைச் சொல்லுமிடத்துத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் இச்சொல்லையே கையாண்டனர். வட்டுக்கோட்டை மாணவருக்கு அச்சொல்லின் இரண்டாம் பொருளும் கூடவே வந்து சேர்ந்தது. கேட்டார்கள், கேள்வி கேட்டார்கள். சி. வை. தாமோதரம்பிள்ளை கிறிஸ்தவக் குடும்பத்திலே பிறந்து, செமினரியிலே பயின்று, சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவராகி, பின்னர் சைவரானமையை வேறெவ்வாறு விளக்குவது?

குருநகரிலே நான் கண்ட பெண்கள் கேள்வி கேட்கவில்லை. விளங்காத சொற்களுக்கும் அழுதார்கள். இதனை அறியாமை என்று தள்ளிவிடல் எளிது. நமது விமரிசன மரபிலே அத்தகைய தள்ளல்கள் குறைவல்ல. அவர்களைத் தூக்கி நிறுத்தி, படித்தவனிலும் பாமரனே மெய்யாகக் கேட்டான் என்று எழுதுதலும் அதேயளவு எளிது. இரண்டையும் தவிர்க்கவே விரும்புகின்றேன். அழுகை விசுவாசமாகாது. செத்த வீட்டிலே கூலிக்கு மாரடிப்போரும் அழுகின்றனர். ஆண்டுதோறும் அழுதவர்கள் ஆலயத்துக்குள்ளே சாதி பார்த்து இருக்கை வகுத்த காலமும் நமது குடாநாட்டிலே இருந்தது. பிரசங்கம் அதனைத் தடுக்கவில்லை. நூலின் பெருங்குறையும் இதுவே எனலாம். பாடுபட்டவரைப் பார்த்து இரங்கச் செய்கின்றது. பக்கத்தில் இருப்பவனைப் பார்க்கச் செய்வதிலே அது வலுவற்றது. மனஸ்தாபம் பெரும்பாலும் தனி ஆன்மாவின் பாவத்தோடு முடிந்துவிடுகின்றது. தெரிந்த கதையை ஆண்டுதோறும் கேட்பது ஒருவனை மெல்ல மெல்ல மாற்றவும் கூடும்; மாறாமலிருப்பதற்கு வசதியான போர்வையாகவும் கூடும்.

ஆயினும் அமெரிக்க மிஷன் கொடுக்காத ஒன்றை இந்நூல் கேட்போருக்குக் கொடுத்தது. அது காலம். செமினரியிலே ஓர் இளைஞன் சில ஆண்டுகளுக்குள் ஆம் அல்லது இல்லை என்று சொல்லவேண்டியிருந்தது. இல்லையென்றால் கணக்கிலே நஷ்டம். வியாகுலப் பிரசங்கம் அவசரப்படுத்துவதில்லை. பத்து வயதிலே தாயின் மடியிலே தூங்கியபடி கேட்டவன், இருபதிலே வெளியே நின்று நண்பரோடு கதைத்தபடி கேட்பான். பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு பெண் நாற்பதிலே அதே வசனத்தைக் கேட்கும்போது அது வேறு வசனமாகிவிடும். கேட்டவரின் வாழ்க்கை மாறும்வரை சொல் காத்திருக்கின்றது.

அவ்வாறான மாற்றத்தை நமது காலமும் கண்டது. 1995 ஜூலை 9ஆம் திகதி நவாலி புனித பேதுருவானவர் ஆலயத்திலே தஞ்சமடைந்திருந்தோர்மீது விமானக் குண்டுகள் வீழ்ந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவ்வாண்டின் ஒக்டோபர் இறுதியிலே வலிகாமமே இடம்பெயர்ந்தது. 2009இலே போர் முடிந்தபோது, தேடப்படும் பிள்ளைகளின் படங்கள் தாய்மார் கைகளிலே எஞ்சின. படைவீரராற் பிடிக்கப்பட்டு, அதிகாரிகளிடையே கைமாற்றப்பட்டு, கொல்லப்பட்ட மகனின் பின்னே செல்லும் தாய் ஒருத்தியின் துயரத்தை, பதினெட்டாம் நூற்றாண்டுக் கோவாக் குருவானவர் எழுதிய வசனத்திலே கேட்கும் ஒரு பெண்ணுக்கு இன்று எது கதை, எது தன் வரலாறு? நான் சென்ற மாலையிலே அழுதவர்களுள் எவர் எதற்கு அழுதாரென்று நான் கேட்கவில்லை, கேட்டிருக்கவும் கூடாது. ஆனால் தாயைப் பற்றிய பகுதி வந்தபோது வாசித்த முதியவரே நிறுத்திவிட்டார் என்பதைச் சொல்லவேண்டும். சற்றுநேரம் எவரும் எதுவும் பேசவில்லை. பின்னர் நிறுத்திய இடத்திலிருந்து அல்லாமல், அவ்வசனத்தின் தொடக்கத்திலிருந்தே மறுபடியும் வாசித்தார்.

வாசிப்பு முடிந்தபின் அப்பிரதியைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். அட்டை கழன்ற பழைய அச்சுப் புத்தகம். ஓரங்களிலே பென்சிலால் சிறு கோடுகளும் வளைவுகளும் இடப்பட்டிருந்தன. எங்கே இழுப்பது, எங்கே தாழ்த்துவது, எங்கே பெண்கள் பாடுவதற்கு விடுவது என்பதற்கான அடையாளங்கள் அவை. சில அவருடைய தந்தையார் இட்டவை. சில தாமே இட்டவை என்றார். நமது நூலகத்திலுள்ள பிரதியிலே அக்கோடுகள் இல்லை. அவ்வூரிலே அக்கோடுகளைப் பார்த்து வாசிக்கத் தெரிந்தவர் இப்பொழுது தம்மைத் தவிர மற்றுமொருவரே உளர் என்றும், அவருக்கும் கண்பார்வை குறைவு என்றும் சொன்னார். அடுத்த தவக்காலத்துக்கு முன் ஒலிப்பதிவுக் கருவியொன்றோடு வருவதாகச் சொல்லிவந்திருக்கிறேன்.